மாப்பிள்ளையின் எடை

அயர்லாந்தின் ரோஸ்காமனில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் மாமனார் மலாக்கி, சாப்பாட்டு மேஜையில் ஃபின்டனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறந்தப்ப என்ன எடை இருந்தீங்க மாப்ள?"

"அஞ்சு கிலோன்னு அம்மா சொல்வாங்க. ஏன் மாமா?"

"அஞ்சா! பாவம், அவங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாங்களே?"

"அப்பா!" ஓர்லா அதட்டினாள். "என் வீட்டுக்காரர் என்ன பொலிகாளையா? சும்மா இருங்க."

"அப்படியில்லம்மா. முதல் ஈத்துக் கெடேரிக்குப் பெரிய உடம்புக் காளை ஆகாது. கன்னு பெருசாயிடும், வெளிய வராமச் சிக்கிக்கும்."

ஃபின்டனுக்குச் சிரிப்பு வந்தது. "எந்தக் கெடேரி மாமா இப்ப சினையா இருக்கு?"

மலாக்கி, மகள் மூக்கைச் சுளித்துத் தள்ளி வைத்திருந்த டீயையே பார்த்தார்.

"முப்பது வருஷமாத் தொழுவத்துலயே கெடக்குறவன்டி நான். வாசல்ல நீ கார்லேந்து எறங்கி நடந்ததைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

ஓர்லாவின் முகம் சிவந்தது.

"போங்கப்பா! வீட்டுக்குப் போய் இவர்கிட்ட சொல்லலாம்னு ஆசையா வெச்சிருந்தேன். கெடுத்துட்டீங்க."

ஃபின்டன் மனைவியைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், மறுபடியும் மனைவியைப் பார்த்தான். மெல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா... எங்கம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க. நான் மூணு கிலோதான் இருந்திருப்பேன்."