கடைசி ஸ்

எந்த இங்கிலீஷ் வார்த்தையானாலும் ஜெசிந்தா கடைசி ஸ்-ஐ முழுங்கிவிடுவாள். 'ஹி கம்' என்று பாதியில் நிறுத்துவாள். இல்லையென்றால் 'கம்ஸு' என்று ஓர் உகரத்தை ஒட்டுவாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்துச் சொல்லு, உள்ளே வண்டு பறக்கிற மாதிரி அதிரணும் என்று பெண்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் ஹில்டா மிஸ் கற்றுக்கொடுத்திருந்தார். வீட்டில் விரல் வைத்துப் பார்ப்பது அவள் புருஷன் சூசை. கடலுக்குக் கிளம்பும்போதும் வாசலில் நின்று, "எங்கட்டி, வண்டக் காணோம்? இன்னொருக்கா சொல்லு" என்பானாம். வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவனை அடக்கம் செய்தபின் இன்றைக்குத்தான் வகுப்புக்கு வந்தாள். யாரும் கேட்காமலே பழைய வீட்டுப்பாடத்தைச் சொல்ல எழுந்தாள்.

"மை ஹஸ்பண்ட் சிங்ஸ். ஹி லவ்ஸ் மீ. ஹி கம்ஸ் ஹோம்."

ஒரு ஸ் கூடத் தப்பவில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மிஸ், ஆளு போய்ட்டா அந்த ஸ் வராதுல்லா? கேம், லவ்டுன்னுதான..." என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள்.

ஜெசிந்தா மிஸ் அருகில் போய்க் கழுத்தை நீட்டினாள்.

"நீங்களே தொட்டுப் பாருங்க மிஸ். ஹி கம்ஸ். வண்டு பறக்குதா?"

ஹில்டா மிஸ் இரண்டு விரலை வைத்தார். "பறக்குதும்மா" என்றார்.

ஜெசிந்தா வாயை இறுக மூடிக்கொண்டாள். வார்த்தை முடிந்துவிட்டது. விரலுக்கடியில் வண்டு இன்னும் பறந்துகொண்டிருந்தது.