பூட்டிய வீட்டு வாசகி

ஜெஃபின் காலையில் எழுந்து பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர் காபி ஆற்றினான். ஷைலாவின் டம்ளரில் சர்க்கரை போடவில்லை.

தன் காபியைக் குடித்துவிட்டு நாவலில் ஒரு அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தான். பிறகு குளித்துச் சட்டை மாட்டினான். ஃபேனை நிறுத்தாமல் வெளிக்கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த புத்தகக் கடையில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. கடை பிரத்யுஷாவுடையது. திறந்த அன்றே வந்து, ஓர் உப்பு வியாபாரியின் குடும்பத்தைப் பற்றிய நான்கு பாக நாவலில் மூன்றாம் பாகத்தை மட்டும் கேட்டான். மனைவிக்கு என்றான்.

அதன்பின் வாரம் தவறாமல் வந்தான். தடித்த நாவல் படிக்கிறவர்கள் நாலைந்து பேர் அங்கே டீ குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். ரசாக் கல்யாணத்துக்கு முன் தொடங்கிய நாவலை, மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் முடிக்கவில்லை. முடித்துவிட்டால் அதில் இருக்கிற சனங்களை அப்புறம் எங்கே போய்ப் பார்ப்பது என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஜெஃபின் சிரிக்க மாட்டான்.

அவன் பேசுவதெல்லாம் ஷைலா சொன்னதாகத்தான் இருக்கும். கப்பல் கவிழ்கிற அத்தியாயம் இழுவை என்று ஷைலா சொன்னாள். இளைய மருமகள் வீட்டை விட்டுப் போனதுதான் சரி என்று ஷைலா சொன்னாள்.

பிரத்யுஷாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க ஆசை வந்தது. கூட்டி வரச் சொன்னாள். அவளால் வர முடியாது என்றான். போன் நம்பர் கேட்டாள். தன் நம்பரைக் கொடுத்தான்.

“அக்காகிட்ட நேரா பேசலாம்னு கேட்டனுங்ணா.”

“எங்கிட்டச் சொல்லுங்க. நாஞ் சொல்லிர்றேன்.”

அன்றிலிருந்து பிரத்யுஷாவுக்கு மனசு சரியில்லை. அவளுடைய அக்கா கனகமும் கல்யாணமான புதிதில் இப்படித்தான் போனுக்கே வராமல் இருந்தாள். எதைக் கேட்டாலும் கணவன்தான் பதில் சொல்வான். ஒருநாள் சொல்லாமல் போய் நின்றபோது கனகத்தின் கை ஒடிந்திருந்தது.

மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுந்தரராஜுலு அவள் சந்தேகத்தை இன்னும் கிளறினார். தினமும் டீ குடித்து, எப்போதாவது புத்தகம் வாங்குகிறவர் அவர்.

“என்ற ஊட்டுக்காரி பத்துப் பக்கம் படிச்சான்னா ஊரைக் கூட்டிப் பேசுவா அம்மணி. அந்தப் புள்ள ரெண்டாயிரம் பக்கம் படிச்சும் வாசப்படி தாண்டலையே.”

ஜெஃபின் குடியிருந்த தெரு வழியாக அவர் ஒருநாள் போயிருந்தார். வெளியே பூட்டுத் தொங்கியதாம். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டதாம்.

அடுத்த வாரம் அவரே ஒரு சோதனை வைத்தார். அந்த உப்பு வியாபாரியின் முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். முதல் பாகத்தைப் படித்தவர்கள் மறக்கவே முடியாத இடம் அது. ஜெஃபின் விழித்தான்.

“மொதல் பாகம் அவளுக்குத்தானுங்க தெரியும். எனக்கு ரெண்டாம் பாகத்துல பாதியில இருந்துதான்.”

அவன் போனதும் சுந்தரராஜுலு டம்ளரைக் கீழே வைத்தார். “படிக்கறதே இவன்தான். அந்தப் புள்ள கைக்குப் பொஸ்தகமே போறதில்ல, பாத்துக்க.”

நவம்பர் பிறந்த மறுநாள் சாயங்காலம், ஜெஃபின் நான்காம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். இன்றோடு முடிந்துவிடும் என்றான். அவன் பையில் ஒரு கட்டு மெழுகுவத்தியும் செவ்வந்திப் பூவும் இருந்தன. பிரத்யுஷாவின் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றுவது கேக் வெட்டும்போது மட்டும்தான்.

“ஊட்டுல விசேஷங்களாண்ணா?”

“எங்காளுக எல்லாருக்கும் இன்னைக்குத்தானுங்க.”

“ஷைலாக்கா இருப்பாங்களா?”

“இருப்பா.”

“நானும் வரட்டுங்களா?”

“வாங்க.”

பிரத்யுஷா அலமாரியிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து, உள்ளட்டையில் தன் நம்பரை எழுதினாள். ஷைலா தனியாக நிற்கிற நேரம் பார்த்து அதைக் கொடுத்து, பயப்படாமல் கூப்பிடச் சொல்ல வேண்டும். சுந்தரராஜுலு கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார்.

அவன் பைக்கின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனாள். பைக் எந்த வீட்டு முன்னும் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்குள் திரும்பியது. உள்ளே கல்லறைத் திருநாளுக்காகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு கல்லறை மீதும் பூ இருந்தது, மெழுகுவத்தி எரிந்தது.

புதிதாகச் சிமெண்ட் பூசிய ஒரு மேட்டின் தலைமாட்டில் ஷைலா என்று எழுதியிருந்தது. ஜெஃபின் பூவை வைத்து மெழுகுவத்தியை ஏற்றினான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாவலின் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்து முடித்தான். புத்தகத்தை மூடினான்.

பிரத்யுஷா கையில் இருந்த புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப அக்கா சொன்னாங்க, அக்கா சொன்னாங்கன்னு நீங்க சொன்னதெல்லாம்?”

“நாஞ் சொன்னதுங்க.”

“நெசமா அவங்க என்னதானுங்க சொன்னாங்க?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில், இரண்டாம் பாகத்தைப் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் கடைசியாகச் சொன்னதை அவன் சொன்னான்.

“மிச்சத்த நீங்க படிச்சுச் சொல்லுங்க.”