சட்டை போட்ட ஜாடி

நிலவறை ஜன்னலைப் பனி பாதி மூடியிருக்கிறது. மிச்ச வழியில் மதிய வெளிச்சம் சாம்பலாக இறங்குகிறது. பீர் நொதிக்கும் பெரிய கண்ணாடி ஜாடிக்கு வெளிச்சம் ஆகாதென்று வெண்டெல்தான் தன் கட்டம் போட்ட சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டிருந்தான். அவனைப் புதைத்தாகிவிட்டது. ஜாடி மட்டும் அவன் சட்டையோடு நிற்கிறது. அதன் வாயில் செருகிய குழாயின் தண்ணீரில் குமிழ் உடைகிறது. பொளக். எதிரே மடக்கு நாற்காலியில் அவன் மனைவி ஆர்டிஸ். பீரைப் பாட்டிலில் அடைத்துக் கொடுக்க வந்த சிநேகிதன் ரோலண்டுக்கு அந்தச் சத்தம் எங்கோ உதைக்கிறது. இதெல்லாம் எப்போதோ அடங்கியிருக்க வேண்டும்.

“குமிழ் நின்னாதானே அடைக்கணும்? இன்னும் விடுதே,” என்கிறாள் ஆர்டிஸ்.

“இரு, பாத்துடறேன்.”

குழல் விட்டு ஒரு வாய் எடுக்கிறான். பட்டைச் சாராயமாகத் தொண்டையை அறுக்கிறது.

“என்ன முழி அது? அவன் பீரைக் குடிச்சா எப்பவும் இப்படித்தான் முழிப்ப.”

ரோலண்டின் பூட்ஸுக்கடியில் சர்க்கரை நறநறக்கிறது. நாற்காலிக்குப் பின்னால் காலிச் சர்க்கரைப் பைகள். ஜாடிக்குள் சர்க்கரை விழ விழ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். கடைசியில் தான் ஆக்கிய சாராயத்திலேயே செத்துப்போகும்.

“இன்னும் நாளாகணும், ஆர்டிஸ்,” என்று ஜாடியின் சட்டைக் காலரை நீவிவிடுகிறான் ரோலண்ட்.

“அதான் நானும் சொன்னேன்.”

கழுவிக் கவிழ்த்த பாட்டில்களை அவன் திரும்பப் பெட்டியில் அடுக்குகிறான். சத்தம் வராமல், ஒவ்வொன்றாக. அடுத்த குமிழ் இன்னும் வரவில்லை.