மூன்றாவது பெட்டி

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிக்கு டிஏசி என்று பெயர். கடைக்காரர் இரண்டைக் கொடுத்து, வீட்டில் கேட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தனக்குப் பாம்புக் காது என்று பீற்றிக்கொள்ளும் என் கணவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, நான் பின்னால் நின்று வயரை மாற்றி மாற்றிச் செருகினேன்.

“மொதல் பெட்டி வறட்டுக் கத்தல். ரெண்டாவது பரவால்ல. இந்த மூணாவதுதான்மா! பாடறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது.”

வயர் அப்போது எந்தப் பெட்டியிலும் செருகாமல் என் கையில் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

“இப்ப நீ உக்காரு” என்றார்.

முதல் இரண்டும் என் காதுக்கு ஒன்றுதான். மூன்றாவதில் மூச்சு கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்காருவதும் கேட்டது.

“மூணாவதேதாங்க” என்று திரும்பினேன். அவர் வயரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

இரண்டு பெட்டிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாலையில் சுவரைப் பார்த்து மூன்று நாற்காலி போடுகிறோம். பாட்டு அருமையாகக் கேட்கிறது. நாற்காலி இழுக்கும் சத்தம்தான் இப்போதெல்லாம் கேட்பதில்லை.