ராணி திரும்பிப் போகிறாள்

எழுத்தாளர் அம்மா சொல்லச் சொல்ல, மகள் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். சரித்திரக் காதல் தொடரின் கடைசி அத்தியாயம். சந்தேகப்பட்டு ராணியின் கையைத் தீபத்தில் சுட்ட ராஜாவை வைத்து வாசகர்கள் இரண்டு கட்சியாகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பாதிப் பேர் அவனைக் கொல்லுங்கறாங்க. மீதிப் பேர், ஆசை வெச்சவன்தானே, சேர்த்து வைங்கன்னு உருகுறாங்க” என்று சிரித்தார் அம்மா.

மேசையில் மகளின் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

“நீ என்னம்மா பண்ணப் போற?”

“சேர்த்துதான் வைப்பேன். ராஜா வந்து அழுவான். ஆறிப்போன புண்ணைத் தடவிக்கிட்டே ராணி அரண்மனைக்குத் திரும்பிடுவா.”

“சூட்டுப் புண் அவ்வளவு சீக்கிரம் ஆறாதும்மா.”

“பெரிய டாக்டர்! எழுதுடி.”

போன் மறுபடி அதிர்ந்தது.

“திரும்பவும் சுட்டுட்டான்னா?”

“மாட்டான். பொம்பளை மன்னிச்சா எவனும் திருந்திடுவான். அதையே கடைசி வரியா வை.”

மகள் எழுதி முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பினாள். பிறகு போனை எடுத்து, “வாங்க, கிளம்புறேன்” என்றாள்.

சற்று நேரத்தில் அவள் பையோடு வர, அம்மா திகைத்தார்.

“ஓய்வெடுக்க வந்தேன்னியே, அதுக்குள்ள என்னடி?”

“உன் மாப்பிள்ளை போன்ல அழறாரும்மா.”

பையைத் தோளில் மாட்டியபோது, புழுக்கத்திலும் அவள் மாற்றாத முழுக்கைச் சட்டையின் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சூட்டுப் புண்கள். ஒன்றுகூட ஆறவில்லை.

“ஐயோ, போகாதடி!”

“ராணியே போயிட்டாளேம்மா.”

வாசலில் கார் ஹாரன் விடாமல் அலறியது.