முறையான அழைப்பு

அறையில் மூவர் இருந்தார்கள்: மேலாளர், வேலைக்கு ஆளெடுக்கும் அதிகாரியான இளம்பெண், எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற விற்பனையாளர்.

"பம்ப்செட் விக்க மாசத்துல பாதி நாள் வெளியூர்ல அலையணும். இந்த வயசுல தாங்குமா சார்?" என்றார் மேலாளர்.

"கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பிழைச்சவன் நான். எங்கே அனுப்பினாலும் போவேன்."

அதிகாரி தலை நிமிராமல் கேட்டாள். "ரொம்ப தூரம்னாலும்?"

"போவேன்."

"என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்போ மட்டும் தூரம்னு சொல்லிட்டீங்களேப்பா."

மேலாளர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார்.

பெரியவர் மகளின் முகத்தை ஆசை தீரப் பார்த்தார். எத்தனை வருஷத்து ஏக்கம்!

"அன்னைக்கு வரலை, வாஸ்தவம். அதுக்கப்புறம் நீ கூப்பிடவே இல்லையே. கூப்பிடாத வீட்டுப் படியை நான் எப்படி மிதிப்பேன்? இங்கே மனு போட்டா கூப்பிட்டுத்தானே ஆகணும்."

"அப்போ வேலை வேண்டாமா?"

"பேரன் யார் ஜாடைன்னு சொல்லு, போதும்."

"மூக்கும் பிடிவாதமும் உங்களுதுதான். வீட்டுக்கு வந்து பாருங்கப்பா."

பெற்ற மகளிடமே பிழைப்புக்குக் கையேந்தினார் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். முறையாக அழைத்தார்கள், போனார்.