வெள்ளைச் சட்டை

கறுப்பர் உரிமைச் சங்க அலுவலகத்தின் ஜன்னல் வெயிலில், முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான் துறைமுகத் தொழிலாளி. காலையில் வெள்ளைக்காரப் போலீஸ்காரன் உடைத்த நெற்றியில் தையல் இன்னும் காயவில்லை.

"கறுப்புத் தோல்ல ரத்தம் படத்துல எடுபடாதுங்க" என்கிறார் போட்டோக்காரர்.

சங்கச் செயலாளர் புது வெள்ளைச் சட்டையின் காலர் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, அதை அவனுக்குப் போட்டுவிட்டு, பெற்ற தகப்பனைப்போலப் பொத்தான் மாட்டுகிறார். "நம்ம ஜனத்துக்காகத்தான். பல்லைக் கடிச்சுக்க தம்பி."

மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட் அவர் கையிலிருந்து தையலின் மேல் இறங்குகிறது. சட்டையின் நெஞ்சு சிவக்கிறது. ஃபிளாஷ் மின்னுகிறது.

"அடடா, கண்ணை மூடிட்டாருங்க."

"அண்ணே," என்கிறான் அவன், வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "போலீஸ்காரன்கூட ஒரு தடவைதான் அடிச்சான்."

செயலாளர் அலமாரியைத் திறக்கிறார். அடுக்கிலிருந்து இன்னொரு வெள்ளைச் சட்டையை எடுத்து ஊசிகளை உருவுகிறார்.